ஒரு தீவு, ஏழு இரவு: மத்தியதரைக் கடல் விடுமுறைக்கு வடசென்னையிலிருந்து திட்டமிடும் முறை

மத்தியதரைக் கடலில் ஒரு தீவுக்குக் குடும்பத்தோடு போய்வரப் போகிறோம் என்று சொன்னபோது, காசிமேட்டில் குடியிருக்கும் என் அத்தை, “இன்னாடா, நம்மாண்ட இல்லாத கடலா அங்க கீது?” என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார் என்றாலும், இப்படிப்பட்ட பயணத்துக்குத் திட்டமிடுகிற எவரும் முதலில் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. கடலைப் பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் திருவொற்றியூரிலேயே பேருந்துக் கட்டணத்தில் பார்த்துவிடலாம். அங்கே இருப்பது வேறு வகைக் கடல். ஏற்றவற்றம் ஏறக்குறைய இல்லை. சத்துப் பொருள் குறைவான நீர் என்பதால் அடிமணல் வரை தெரியும். கோடையில் மாதக்கணக்கில் மழை வராது. கரையில் ஐயாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கற்கோயில் ஒன்று நிற்கும். அதிலிருந்து ஒரு பேருந்துப் பயண தூரத்தில் நானூறு ஆண்டுக் கோட்டை நிற்கும். இதற்காகப் போகிறோம் என்று தெளிந்தால்தான் எந்தத் தீவு, எத்தனை நாள், எந்த மாதம் என்ற அடுத்த முடிவுகள் ஒழுங்காக வரும்.

பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். இவ்வளவு செலவு செய்து போகிறோம், நாலு இடம் பார்த்துவிட்டு வருவோம் என்று பத்து நாளில் மூன்று தீவுகளை அடுக்கிக்கொள்கிறார்கள். தீவு மாறும் ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டுதல், அறையைக் காலி செய்தல், படகுத்துறைக்குப் போய்க் காத்திருத்தல், அடுத்த அறைச் சாவி மாலை வரை கிடைக்காமல் பெட்டியோடு தெருவில் நிற்றல் என்று ஒரு முழு நாள் போய்விடும். காற்று பலமாக வீசி படகு நின்றுவிட்டால் இரண்டு நாளும் போகலாம். ஆகவே முதல் பயணத்துக்கு ஒரே தீவு, ஒரே தங்குமிடம், ஏழு இரவு என்பதை நான் விதியாகவே வைப்பேன். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கணக்கில்தான் போகிறது.

தீவின் அளவும் நாட்களின் கணக்கும்

வரைபடத்தில் புள்ளிகளாகத் தெரியும் இந்தத் தீவுகள் அளவில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. மிகப் பெரியதான சிசிலி 25,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது, அதாவது தமிழ்நாட்டின் ஐந்தில் ஒரு பங்கு. எட்னா எரிமலை, பலெர்மோ, சிராகூசா என்று அதன் மூலைகளைத் தொடவே ஏழு நாள் போதாது. கிரேக்கத்தின் கிரீட் கிழக்கு மேற்காக ஏறக்குறைய 260 கிலோமீட்டர் நீளம், சென்னையிலிருந்து கிருஷ்ணகிரி போகும் தூரம். அங்கே கிழக்கோ மேற்கோ ஒரு பாதியை மட்டும் தேர்ந்தெடுத்து, வாடகைக் கார் எடுத்துக்கொண்டால்தான் சரிப்படும். சாண்டோரினி படத்தில் அழகு; உச்சப் பருவத்தில் உல்லாசக் கப்பல்கள் இறக்கிவிடும் கூட்டத்தில் நம் ரங்கநாதன் தெருவை நினைவூட்டும். சைப்ரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அதற்கு விசா நடைமுறை தனி. கிரேக்கத் தீவுகளோடு சேர்த்து ஒரே விசாவில் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, கடைசியில் நாங்கள் மால்டாவைத் தேர்ந்தெடுத்தோம். சிசிலிக்குத் தெற்கே சுமார் 90 கிலோமீட்டரில் இருக்கும் மால்டா, கோசோ, கொமினோ என்ற தீவுகள் சேர்ந்த அந்த நாடு மொத்தமே 316 சதுர கிலோமீட்டர்தான். நம் மாநகராட்சி எல்லை 426 சதுர கிலோமீட்டர். பெரிய தீவின் நீளம் 27 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய எண்ணூரிலிருந்து அடையாறு வரை. கார் தேவையில்லை, பேருந்திலேயே எல்லா இடத்துக்கும் போகலாம். ஆங்கிலம் அங்கே ஆட்சி மொழிகளில் ஒன்று. வண்டிகள் நம் ஊரைப் போலச் சாலையின் இடப்பக்கமே போகும், பிரிட்டிஷ் ஆட்சியில் 1964 வரை இருந்ததன் மிச்சம். வயதானவர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முதன்முறை ஐரோப்பா போகும் குடும்பத்துக்கு இதைவிடச் சிக்கல் குறைந்த தீவு எனக்குத் தெரிந்து இல்லை. பசுமையும் மலையும் வேண்டுமென்பவர்கள் மட்டும் கோர்சிகா, கிரீட் பக்கம் போக வேண்டும். மால்டாவில் ஆறும் இல்லை, காடு என்று சொல்லத்தக்கதும் இல்லை, சுண்ணாம்புக் கல்லின் தேன் நிறம்தான் எங்கும்.

எந்த மாதம்

நம் பிள்ளைகளின் முழு ஆண்டு விடுமுறை அக்கினி நட்சத்திரத்தோடு ஒன்றிவருவது இங்கே ஒரு அதிர்ஷ்டம். வெளியே கால் வைக்க முடியாத மே மாதத்தில் மால்டாவில் பகல் வெப்பம் 23, 24 டிகிரி, இரவில் 15 வரை இறங்கும். இரவு எட்டு மணிக்குத்தான் சூரியன் மறையும் என்பதால் ஒரு நாளில் ஒன்றரை நாள் வேலையைச் செய்துகொள்ளலாம். ஒரே குறை, கடல் நீர் அப்போது 18, 19 டிகிரிதான். வெதுவெதுப்பான வங்கக் கடலில் முழுகிப் பழகிய உடம்பு முதல் முழுக்கிலேயே கரைக்கு ஓடிவந்துவிடும். என் மகன் அப்படித்தான் வந்தான். நீச்சலே முக்கியம் என்றால் கோடை முழுவதும் சூடேறிய நீர் இருக்கும் செப்டம்பர் கடைசியும் அக்டோபர் தொடக்கமும் ஏற்றவை; ஆனால் காலாண்டு விடுமுறையின் சில நாட்களுக்குள் இந்தப் பயணத்தை அடக்க முடியாது. ஜூலை, ஆகஸ்டைத் தவிருங்கள். வெயிலும் 30 டிகிரியைத் தாண்டும், ஐரோப்பா முழுவதும் விடுமுறையில் இருப்பதால் அறை வாடகையும் ஏறும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அங்கே மழைக்காலம். வாடகை குறைவு, மாலை ஐந்து மணிக்கே இருட்டு.

விசா: அதிக நேரம் கேட்கும் வேலை

மால்டா, கிரேக்கம், இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் ஆகியவை, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக விடும் ஷெங்கன் ஏற்பாட்டில் உள்ளவை. எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டின் விண்ணப்ப மையத்தில்தான் மனுச் செய்ய வேண்டும். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாட்களுக்குக் குறையக் கூடாது. முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாள் வரை போகும். மே மாதப் பயணத்துக்கு எல்லோரும் மார்ச்சில் மோதுவதால், பொங்கல் முடிந்த கையோடு முன்பதிவு நேரத்தைத் தேடத் தொடங்குவது நல்லது. கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு முதல் பதினொரு வயது வரை 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழே இல்லை; மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பி வராது என்பதால்தான் காகிதங்களில் இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது.

பாஸ்போர்ட் பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் கொண்டதாகவும் இருக்க வேண்டும். அதோடு புகைப்படம், போகவர விமானப் பதிவு, எல்லா இரவுகளுக்கும் தங்குமிடப் பதிவு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, சம்பளச் சீட்டு, விடுப்புக் கடிதம், வருமான வரிப் படிவங்கள், சில மாத வங்கிக் கணக்கு விவரம், திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, நாள்வாரிப் பயணத் திட்டம் ஆகியவை கேட்கப்படும். தங்குமிடத்தை இலவசமாக ரத்து செய்யக்கூடிய வகையில் பதிவு செய்யுங்கள். விமானச் சீட்டுக்கு முழுப் பணம் கட்டுவதை விசா வரும் வரை தள்ளிவைக்க முடியுமானால் தள்ளிவையுங்கள்.

இவை எல்லா ஊர்க்காரருக்கும் பொது. தமிழர்களுக்கென்று தனியாக இருக்கும் தொல்லை பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துத்தான். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கிறது. என் மனைவியின் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. வங்கிக் கணக்கில் அவர் பெயருக்கு முன்னால் அவருடைய அப்பாவின் முன்னெழுத்து, ஆதாரில் பெயருக்குப் பின்னால் என் பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது வண்ணாரப்பேட்டையில் எல்லோருக்கும் தெரியும், தூதரக அலுவலருக்குத் தெரியாது. எங்களுக்கு விமானப் பதிவு செய்து கொடுத்த ஒரு முகவர், காலியான கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று அந்த முன்னெழுத்தையே குடும்பப் பெயராகப் போட்டுவிட்டார். பாஸ்போர்ட்டின் கீழ் ஓரத்தில் இரண்டு வரி எழுத்தும் அம்புக்குறியுமாக இருக்குமே, அதில் அந்த எழுத்து கிடையாது. விசா மனுவைச் சரிபார்த்த பெண்மணி பென்சிலால் அந்த ஓர் எழுத்தைச் சுற்றி வட்டமிட்டு, பதிவை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மாற்றுவதற்குத் தனிக் கட்டணம், புதிதாக ஒரு முன்பதிவு நேரம், பன்னிரண்டு நாள் தாமதம். எல்லாம் அந்த ஓர் எழுத்தால். ஆகவே பதிவு செய்யும் முன் அந்த இரண்டு வரியைப் பார்த்து, குடும்பப் பெயர் இல்லாதவர்களை எப்படிப் பதிவது என்பதை விமான நிறுவனத்திடமே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கம் வேறு. வங்கிக் கணக்கின் பெயர் பாஸ்போர்ட்டோடு பொருந்தாவிட்டால், இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் ஒன்றை இணைத்துவிடலாம். அவகாசம் இருக்கிறவர்கள் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பிக்கொள்வது எதிர்காலத்துக்கு நல்லது.

வங்கிக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் இப்படிப்பட்ட பெரிய செலவுக்குச் சீட்டு எடுப்பது வழக்கம். சிலர் நகையை அடகு வைத்தும் பணம் புரட்டுவார்கள். அந்தத் தொகை விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் கணக்கில் திடீரென்று வந்து உட்கார்ந்தால், காட்டுவதற்காகக் கடன் வாங்கிய பணம் என்ற ஐயம் எழும். சீட்டை ஆறு மாதம் முன்பாகவே எடுத்துக் கணக்கில் போட்டுவிடுங்கள். முடியாவிட்டால் பதிவு பெற்ற சீட்டு நிறுவனத்தின் ரசீதையும், தொகை எங்கிருந்து வந்தது என்று சொல்லும் நான்கு வரிக் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள். தெருச் சீட்டுக்கு ரசீது கிடையாது என்பதால் அது இந்த வேலைக்கு உதவாது.

போகும் வழி

சென்னையிலிருந்து மால்டாவுக்கு நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா வழியாகவோ, ஐரோப்பிய நகரம் ஒன்றின் வழியாகவோ மாறிப் போக வேண்டும். வளைகுடா வழியாகப் போனால் குடியேற்றச் சோதனை மால்டாவில் நடக்கும். பிராங்க்பர்ட் அல்லது ரோம் வழியாகப் போனால் அங்கேயே நடந்துவிடும், ஆகவே இடையில் மூன்று மணி நேரமாவது வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் பதியும் புதிய முறை தொடங்கியிருப்பதால், முதல்முறை போகிறவர்களுக்கு வரிசை நீளும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கைரேகை இல்லை, படம் மட்டும். முழு வழிக்கும் ஒரே பயணச்சீட்டாக வாங்குங்கள். ரோம் வரை ஒரு சீட்டு, அங்கிருந்து மலிவு விமானத்தில் தனிச் சீட்டு என்று பிரித்தால் சில ஆயிரம் மிச்சமாகலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பே இல்லை.

விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை ஒரே மெட்ரோ தடம் இருப்பதால், வடசென்னைக்காரர்களுக்கு 2021க்குப் பிறகு இந்த ஒரு கவலை விட்டது. ஆனால் வளைகுடா விமானங்கள் பெரும்பாலும் பின்னிரவில் கிளம்புகிறவை. மெட்ரோ இரவு 11 மணியோடு நின்றுவிடும். நாங்கள் ஒன்பதரை மணிக்கே வண்ணாரப்பேட்டையில் ஏறி, மூன்று மணி நேரத்துக்கு மேல் விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம். வழியனுப்ப வந்த சொந்தக்காரர்களுக்குத் திரும்பிப் போக ரயில் இருந்தது.

தங்குமிடம், சாப்பாடு, பெட்டி

தங்குவதற்குத் தலைநகர் வலேட்டாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஸ்லீமா வசதி. கடலோர நடைபாதை, பல்பொருள் அங்காடிகள், எல்லாத் திசைக்கும் பேருந்து, தலைநகருக்குப் பத்து நிமிடத்தில் படகு. அதை அடுத்துள்ள செயின்ட் ஜூலியன்ஸின் பாச்சவில் பகுதி இளைஞர்களின் இரவுக் கேளிக்கைக்குப் பேர்போனது. குழந்தைகளோடு போகிறவர்கள் விசாரிக்காமல் அங்கே அறை எடுத்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். ஓட்டல் அறையைவிடச் சமையலறை உள்ள குடியிருப்பாக எடுப்பது நான்கு பேர் குடும்பத்துக்குச் செலவைப் பாதியாக்கும். அரிசி, பருப்பு, தயிர் எல்லாம் கிடைக்கும். மலையாளிகள் நிறையப் பேர் அங்கே வேலை செய்வதால் இந்தியக் கடைகளும் உண்டு. ஆகவே பெட்டியில் அரிசி மூட்டை வேண்டாம், புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் போதும்.

எதை எடுத்துப் போகக் கூடாது என்பது அதைவிட முக்கியம். இறைச்சி, பால் பொருட்கள் எதையும் பயணிகள் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. நெய், பால்கோவா, நெய்யில் செய்த மைசூர்பாகு எல்லாம் இதில் அடங்கும். கறிவேப்பிலை போன்ற பச்சைத் தழைகளுக்குத் தாவர நலச் சான்று வேண்டும் என்பதால் அதையும் விட்டுவிடுங்கள். வேடிக்கை என்னவென்றால், மீனுக்குத் தலைக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. ஆக நெய் கூடாது, நெத்திலிக் கருவாடு கூடும். அத்தை இதைக் கேட்டதும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தே தீருவேன் என்றார். அடுக்குமாடிக் கட்டடத்தில் கருவாடு வறுத்தால் அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள் என்ற பயத்தில் நாங்கள்தான் எடுத்துப் போகவில்லை.

அங்கே சாப்பிட வேண்டியது பஸ்டிட்சி: ரிக்கோட்டா பாலாடைக்கட்டியோ அரைத்த பட்டாணியோ வைத்து, அடுக்கடுக்காக உதிரும் மாவில் சுட்டது, நம் முட்டை பஃப்ஸின் தம்பி. மாவில் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் வழக்கமும் இருப்பதால் சைவர்களும் முஸ்லிம்களும் கடையில் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். குழாய் நீர் குடிக்கத் தக்கதுதான். அதில் பெரும்பகுதி கடல்நீரைச் சுத்திகரித்தது. காட்டுப்பள்ளி ஆலை நீரைக் குடித்துப் பழகிய நமக்கு அந்த லேசான உவர்ப்பு புதிதல்ல.

மின்செருகி பிரிட்டிஷ் பாணிச் சதுர மூன்று முனை. பர்மா பஜாரில் சில நூறு ரூபாய்க்கு மாற்றி கிடைக்கும். கிரேக்கம், இத்தாலி, ஸ்பெயின் என்றால் நம் வட்ட இரண்டு முனைச் செருகியே பொருந்திவிடும். மே மாத மாலைக் காற்றுக்கு ஒரு மெல்லிய கம்பளிச் சட்டையும், பாறைக் கரைகளுக்காகப் பிடிப்புள்ள காலணியும் அவசியம். கூரிய குதிகால் செருப்பு வேண்டாம், வலேட்டாவின் புனித ஜான் இணைப் பேராலயத்தில் சலவைக்கல் தரையைக் காப்பதற்காக அதை அனுமதிப்பதில்லை.

ஏழு நாளை எப்படிப் பிரிப்பது

மாதக்கணக்கில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ஹால் சஃப்லியெனி என்னும் நிலத்தடிக் கல்லறைக் கோயில். பாறையைக் குடைந்து மூன்று அடுக்காகச் செய்த அதற்குள் மூச்சுக்காற்றின் ஈரம்கூடச் சுவரோவியங்களைக் கெடுக்கும் என்பதால் நாளொன்றுக்கு 80 பேரையே விடுகிறார்கள். ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு இடமில்லை. விசா கைக்கு வந்த அன்றே பதிவு செய்தாலும் இடம் கிடைக்காமல் போகலாம், ஆகவே இரண்டு மூன்று மாதம் முன்பே பாருங்கள். மற்ற எதற்கும் இவ்வளவு அவசரம் இல்லை.

வந்து சேரும் நாளில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கிய ஊர். மாலை ஆறு மணிக்கே பிள்ளைகள் தூங்கி விழுவார்கள். வலேட்டாவுக்கு இரண்டு அரை நாள் ஒதுக்குங்கள், ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம். 1565இல் ஒட்டோமான் படையின் முற்றுகையைத் தாக்குப்பிடித்த, அப்போது தீவை ஆண்ட புனித ஜான் சபை வீரர்கள் அடுத்த ஆண்டே அடிக்கல் நாட்டிக் கட்டிய நகரம் அது. தெருக்கள் எல்லாம் கட்டம் போட்டாற்போல நேராக ஓடிக் கடலில் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் வயதானவர்களுக்கு முழங்கால் பேசும். பேராலயத்தில் கரவாஜியோ 1608இல் வரைந்த திருமுழுக்கு யோவானின் சிரச்சேத ஓவியம் இருக்கிறது. அதன் முன்னால் அரை மணி உட்காரலாம். மதியம் சரியாக 12 மணிக்கு அப்பர் பரக்கா தோட்டத்தில் நின்றால் கீழே பீரங்கி முழங்குவதைப் பார்க்கலாம்.

அந்தத் தோட்டத்தில் நின்று துறைமுகத்தைப் பார்க்கும்போது வடசென்னைக்காரர் நினைத்துக்கொள்ள ஒரு கதை உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு நம் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்திவிட்டுப் போய், கெட்டிக்காரப் பேர்வழியைக் குறிக்க ஒரு சொல்லையும் தமிழுக்குக் கொடுத்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், அந்த நவம்பரிலேயே கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலிடம் சிக்கியது. பிடிபட்ட அதன் தளபதி கார்ல் ஃபொன் முல்லரும் மாலுமிகளும் போர்க் கைதிகளாகக் கொண்டுவரப்பட்ட இடம் இந்த மால்டாதான். வழிகாட்டிகள் இதைச் சொல்ல மாட்டார்கள். நாமே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

பழைய தலைநகரான இம்தீனாவுக்கும் அதை ஒட்டிய ரபாத்துக்கும் ஒரு நாள். இந்தப் பெயர்கள் அரபுச் சொற்கள். மால்டாவின் மொழியே அரபு வழி வந்து, இத்தாலியச் சொற்களை ஏற்று, ரோமன் எழுத்தில் எழுதப்படுவது. மண்ணடியில் அரபு ஓதிப் பழகியவர்கள் அந்த மொழியின் எண்களைக் கேட்டால் புன்னகைப்பார்கள். தென்கரைக் குன்றின் மேல் நிற்கும் ஹஜார் இம், இம்னாய்த்ரா கற்கோயில்களுக்கு ஒரு காலைப் பொழுது போதும். கோயில்களுக்கு மேல் கூடாரம் உண்டு, இரண்டுக்கும் இடையே நடக்கும் வழியில் நிழல் கிடையாது, தொப்பி வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையை மார்சஷ்லோக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்று அங்கே மீன் சந்தை. காசிமேட்டின் விடியற்கால ஏலத்தைப் பார்த்த கண்ணுக்கு அது ஒரு பொம்மைச் சந்தைதான். கூச்சல் இல்லை, தண்ணீர் தெளிக்கும் கூடைகள் இல்லை, நடுவே துணியும் தேனும் விற்கிறார்கள். ஆனால் படகுகளை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை என்று பட்டை பட்டையாக வண்ணம் பூசி, முன்முனையின் இருபுறமும் ஒவ்வொரு கண் வைத்திருப்பார்கள்; கடலின் கேட்டிலிருந்து காக்கும் கண் என்பது நம்பிக்கை. ஒரு படகின் நிழலில் பெரியவர் ஒருவர் கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு, இடது கையால் கண்ணியின் அளவைப் பிடித்து, வலது கையால் ஊசியைக் கோத்து இழுத்துக்கொண்டிருந்தார். என் மனைவியின் அப்பா செய்வதும் அட்சரம் பிசகாமல் இதேதான். நாங்கள் நின்று பார்ப்பதைக் கண்டு வலையைச் சற்றே தூக்கிக் காட்டினார். என் மனைவி கிழிசலின் ஓரத்தில் விட்டுப்போன ஒரு கண்ணியைச் சுட்டிக் காட்டினாள். அவர் சிரித்துவிட்டு அதையும் கட்டினார். பத்தரை மணிக்குள் போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிறைந்துவிடும்.

கோசோவுக்கு ஒரு முழு நாள். சிர்க்கேவாத் துறையிலிருந்து 25 நிமிடப் படகு. போகும்போது பணம் கேட்க மாட்டார்கள், திரும்பும்போது ஐந்து யூரோவுக்குள் வாங்குவார்கள். பிரமிடுகளுக்கும் முந்தைய ஜகன்தீயாக் கோயில்கள் அங்கேதான். பழைய படங்களில் பார்க்கும் ‘நீல ஜன்னல்’ பாறை வளைவைத் தேடிப் போகாதீர்கள், 2017 மார்ச் 8 புயலில் அது கடலில் விழுந்துவிட்டது. கொமினோவின் நீலக் காயலில் கூட்டத்தைக் கட்டுப்படுத்த நேர முன்பதிவு முறை வந்திருக்கிறது. அதைச் செய்துகொண்டு போங்கள். குழந்தைகள் நீரில் விளையாட, ஆழம் குறைந்த மணற்கரை வேண்டும் என்றால் மெல்லீஹா ஊரின் காதிரா கடற்கரை. எந்தக் கரையிலும் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது. அலை சிறிதாகத் தெரிகிறதே என்று நம் ஊர் அனுபவத்தில் கணக்குப் போடாதீர்கள். அங்கே கரையை விட்டு இரண்டு அடி தள்ளியதும் கால் எட்டாத இடங்கள் பாறைக்கரைகளில் சாதாரணம்.

ஒரு நாளை வெறுமையாக விடுங்கள். காற்றில் படகு நின்றால் கோசோ அந்த நாளுக்கு மாறும், நிற்காவிட்டால் ஓய்வு. இதே காரணத்தால் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு வேறு தீவில் தங்கவே கூடாது. கிரேக்கத் தீவுகளுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பான விதி. ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வீசும் மெல்தெமி வாடைக்காற்று ஓரிரு நாள் படகுகளை நிறுத்திவிடும். மால்டாவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் சிசிலி போகும் படகும் ஒரு சபலம்தான். விசா செல்லும் என்றாலும் முதல் பயணத்தில் வேண்டாம்.

பணமும் மீதிக் காகிதங்களும்

ஜிபே அங்கே உதவாது. வங்கியிலோ ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற மாற்றகத்திலோ யூரோ பயண அட்டை வாங்கி, இருநூறு முந்நூறு யூரோ ரொக்கமும் வைத்துக்கொண்டால் போதும். கடையில் அட்டையைத் தேய்க்கும்போது ரூபாயிலா யூரோவிலா என்று இயந்திரம் கேட்டால் எப்போதும் யூரோவையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் அவர்கள் வைக்கும் லாபம் நம் தலையில் விழும். சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால் முகவர் மூலத்திலேயே ஒரு வரி பிடிப்பார். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம் என்பதால் சான்றை வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம்.

திரும்பி வந்த பின் போர்டிங் பாஸ்களையும் தங்குமிட ரசீதுகளையும் குப்பையில் போடாமல் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள். மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களைப் பெற்று முறைப்படி பயன்படுத்திய இந்தியர்களுக்கு, இரண்டு ஆண்டுக்குப் பலமுறை போய்வரும் விசா தரலாம் என்ற ஏற்பாடு 2024 ஏப்ரலில் வந்திருக்கிறது. என் மனைவி இப்போது அந்தக் கோப்பில்தான் இரண்டாவது பயணத்துக்கான காகிதங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். இந்த முறை கிரீட், கிழக்குப் பாதி மட்டும். அத்தையும் வருவதாகச் சொல்லியிருப்பதால், அவருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் என்ன போடுவது என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.